விரியன் கடி: உறையாத ரத்தமும் குறையும் சிறுநீரும்

காலை எட்டு மணி. அவசரப் பிரிவின் மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் நிற்கிறது. உள்ளே 2 மில்லி ரத்தம். குழாயின் மேல் ஒட்டிய பிளாஸ்டர் துண்டில் பேனாவால் 8.05 என்று எழுதியிருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது.

பக்கத்துக் கட்டிலில் குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளி. விடியற்காலை நாலரை மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர். நாலாவது வரிசை மரத்துக்கு நகரும்போது கணுக்காலுக்கு மேலே கொத்து விழுந்திருக்கிறது. "குக்கர் சத்தம்போல ஒரு சீறல் கேட்டுது சிஸ்டரே. சருகுக்குள்ள கெடந்தது எனக்குத் தெரியல" என்றார். கால் முட்டி வரைக்கும் வீங்கிவிட்டது. கடித்த இடத்தில் துடைக்கத் துடைக்க ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது.

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஊசி போடாம, இதென்ன ரத்தத்த எடுத்து வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கிய?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 8.25-க்குக் குழாயைச் சாய்த்துக் காட்டினேன். இருபது நிமிடத்தில் கெட்டியாகி அடியில் பிடித்திருக்க வேண்டிய ரத்தம், தண்ணீர்போல ஓடியது.

பாம்புக்கடி வார்டில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விரியன் கடித்தவரைக் காப்பாற்றும் வேலை இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது. ரத்தம் உறைகிறதா? சிறுநீர் போகிறதா? இந்த இரண்டும் எதற்கு என்று வீட்டுக்காரர்களுக்குப் புரிந்துவிட்டால், நோயாளி பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பாம்பு, என்ன விஷம்

நம் நாட்டில் அதிக உயிர்களைப் பறிப்பவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் இரண்டின் விஷம் பெரும்பாலும் நரம்பைத் தாக்கும். இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். கட்டுவிரியனுக்குப் பெயரில் விரியன் இருந்தாலும் அது உண்மையில் விரியன் இனம் இல்லை. இந்தக் கட்டுரை பின் இரண்டைப் பற்றியது, அதிலும் குறிப்பாகக் கண்ணாடி விரியனைப் பற்றியது. தடித்த உடம்பு, முதுகில் சங்கிலிபோல மூன்று வரிசை வட்டங்கள். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்தவர்கள் உண்டு.

குமரி மாவட்டத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, கடையால், ஆறுகாணி மாதிரி ஈரமான மலையடிவாரத் தோட்டப் பகுதிகளில் சருகோடு சருகாகக் கிடக்கும் ஒரு சின்னக் குழிவிரியன். மூக்கு நுனி மேல்நோக்கிப் புடைத்திருக்கும், ஒன்றரை அடி நீளம் வந்தால் அதிகம். மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி என்பார்கள். இதைச் சுருட்டை என்று தவறாக நினைப்பது சகஜம். இந்தத் தவறு ஏன் பெரியது என்று பின்னால் வருகிறேன்.

ரப்பர் பாலும் ரத்தமும்

விரியன் விஷம் ரத்தத்தைத் தண்ணியாக்கிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது நேர் எதிரானது. அந்த மனைவிக்கு நான் சொன்ன உதாரணத்தையே இங்கேயும் சொல்கிறேன். ரப்பர் பால் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

சிரட்டையில் சேர்ந்த பாலை வாளியில் கொண்டுவந்து, வடிகட்டி, தண்ணீர் சேர்த்து டிஷ்ஷில் ஊற்றுகிறோம். அதில் ஃபார்மிக் ஆசிடைத் தண்ணீர் கலந்து அளவாக விடுகிறோம். சில மணி நேரத்தில் கட்டித் தயிர்போலத் திரண்டு நிற்கும். அப்புறம் மெஷினில் கொடுத்து ஷீட் அடிக்கிறோம். ரத்தத்திலும் இதுபோலத் திரளக்கூடிய ஒரு புரதம் கரைந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் ஃபைப்ரினோஜன். கத்தி பட்டு ரத்தக் குழாய் அறுந்தால், அந்த இடத்தில் மட்டும் ஒரு சங்கிலி வேலை தொடங்குகிறது. உறைதல் காரணிகள் என்ற புரதங்களில் ஒன்று இன்னொன்றைத் தட்டி எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, கடைசியில் ஃபைப்ரினோஜன் நூல்நூலாகத் திரண்டு வலைபோலப் பின்னி ஓட்டையை அடைக்கிறது. உடம்பு தனக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு மட்டும் ஆசிட் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி விரியனின் விஷம், ஆசிட் பாட்டிலைத் திறந்து தோட்டம் முழுக்க ஊற்றுவது போன்றது. உறைதல் சங்கிலியின் நடுவில் பத்தாம் காரணி, ஐந்தாம் காரணி என்று இரண்டு முக்கியக் கண்ணிகள் உண்டு. காயம் எதுவும் இல்லாமலே இந்த விஷம் அவற்றை நேரடியாகத் தூண்டிவிடுகிறது. உடம்பெங்கும் ஓடும் ரத்தத்தில் சின்னச் சின்னத் திரளாக உறைதல் நடக்கிறது. உடம்பும் விடாமல் அவற்றைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. இப்படியே சில மணி நேரத்தில் கையிருப்பு முழுக்கத் தீர்ந்துபோகிறது. அதற்கப்புறம் நிஜமாகவே ஓட்டை விழும் இடத்தில் அடைக்க ஒன்றும் இல்லை. பால் எல்லாம் தோட்டத்திலேயே திரண்டு போயிருக்க, டிஷ்ஷில் வெறும் தண்ணீர் நிற்கிறது.

கூடவே, விஷத்தில் இருக்கும் வேறு சில நொதிகள் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரையே அரிக்கின்றன. குழாயும் ஓட்டை, அடைக்கும் பொருளும் இல்லை. அதனால்தான் ஈறு வழியாக, மூக்கு வழியாக, ஊசி குத்திய இடத்தில், சிறுநீரில், வாந்தியில் ரத்தம் வருகிறது. மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. விஷம் கடுமையாக ஏறிய சிலருக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து வெளியே ஒழுகும். வெள்ளை விழி ஜெல்லிபோல வீங்கும், காதுக்குக் கீழே கன்னம் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு வரும், ரத்த அழுத்தம் விழும். கடித்த கொஞ்ச நேரத்திலேயே வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் அதைப் பயத்தில் வருகிறது என்று தள்ளிவிட வேண்டாம்.

இப்போது அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு வருகிறேன். பெரிய மெஷின் எதுவும் இல்லாமல், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய சோதனை இது. புதிதாக எடுத்த 2 மில்லி ரத்தம், காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் அசையாமல் வைத்தல், ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்த்தல். பிளாஸ்டிக் குழாய் கூடாது. உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடியின் பரப்புதான். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயும் கூடாது, அதில் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். இருபது நிமிடம் வீணாகிறது என்று வெளியில் நிற்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் மருந்து தேவையா, எத்தனை தடவை தேவை, எப்போது நிறுத்தலாம் என்ற மூன்றுக்கும் பதில் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. முதல் தடவை ரத்தம் உறைந்துவிட்டாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். விஷம் மெதுவாகவும் ஏறலாம். குறைந்தது 24 மணி நேரம் வைத்திருந்து திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள். "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவ, வீட்டுக்குப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய், மறுநாள் ரத்த வாந்தியோடு திரும்பி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

குதிரை தரும் மருந்து

விஷமுறிவு மருந்து எப்படி வருகிறது தெரியுமா? பாம்பின் விஷத்தை மிகச் சிறிய அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குதிரைக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடம்பு அதற்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்குகிறது. குதிரை ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து, பொடியாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். நம் நாட்டு மருந்து முன்னே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவானது. இதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நம் மாநிலத்திலிருந்தே போகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் பல ஆண்டுகளாக அதைத் தருகிறது. ஒவ்வொரு குப்பியைக் கரைக்கும்போதும் அந்த மக்களின் கைத்திறனை நினைத்துக்கொள்வேன்.

கரைப்பதே ஒரு பொறுமையான வேலை. குப்பியில் தண்ணீரை ஏற்றிவிட்டு வேகமாகக் குலுக்கினால் நுரைத்துப் போகும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். பொடி முழுக்கக் கரைந்து தெளிவாகும்வரை சுழற்ற வேண்டும். ஒரு குப்பி 10 மில்லி. விரியன் கடிக்கு வழக்கமாக முதலில் 10 குப்பி. இரண்டு பேர் உட்கார்ந்து சுழற்றினாலும் நேரம் பிடிக்கும். அப்புறம் சலைனில் கலந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவோம்.

பத்துக் குப்பி என்றதும் பயப்படுவார்கள். ஒரு கடியில் கண்ணாடி விரியன் சராசரியாக 60 மில்லிகிராமுக்கு மேல் விஷத்தை இறக்குகிறது. 1 மில்லி மருந்து அதில் 0.6 மில்லிகிராமைத்தான் முறிக்கும். ஒரு குப்பிக்கு 6 மில்லிகிராம். கணக்கு அங்கேயே வந்துவிடுகிறது. குழந்தைக்கும் இதே அளவுதான். ஆள் சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை.

குதிரைப் புரதம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரும். அரிப்பு, தடிப்பு, குளிர் நடுக்கம், சிலருக்கு மூச்சுத் திணறல். அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் மருந்தையே தொடங்குவோம். ஒவ்வாமை வந்தால் நிறுத்தி, சரிசெய்து, மறுபடி மெதுவாக ஏற்றுவோம். அதைப் பார்த்துவிட்டு "மருந்து ஒத்துக்கல, வேண்டாம்" என்று வீட்டார் மறுக்கக் கூடாது. விஷத்துக்கு வேறு மருந்து இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த மருந்து ஆசிட் ஊற்றுகிறவனின் கையைப் பிடிக்கும், அவ்வளவுதான். தீர்ந்துபோன பாலை அது திருப்பித் தராது. உறைதல் காரணிகளைக் கல்லீரல் புதிதாகச் செய்து அனுப்ப வேண்டும். அதற்கு ஏறக்குறைய 6 மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடி கண்ணாடிக் குழாய். அப்போதும் உறையவில்லை என்றால், விஷம் இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்று பொருள், இன்னொரு தவணை ஏற்றுவோம். நான் சொன்ன அந்த அண்ணனுக்கு மதியம் மூன்று மணிக்கு எடுத்த ரத்தமும் ஓடியது. இரண்டாவது தவணைக்கப்புறம் இரவு பத்தரை மணிக்குச் சாய்த்தபோது அடியில் கரும்சிவப்புக் கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது. குழாயை அவர் மனைவியிடம் நீட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரத்தம் வேணும்னா நாங்க குடுக்கோம், ஏத்துங்க" என்று சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். நல்ல மனசு. ஆனால் விஷத்தை முறிக்காமல் ரத்தமோ, அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவோ ஏற்றினால், அதுவும் விஷத்துக்கு இரையாகிப் போகும். முதலில் விஷமுறிவு, அதற்கப்புறமே மற்றவை. ரத்தம் உறையாத நேரத்தில் சதையில் ஊசி போடுவதையும் தவிர்ப்போம், உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். டெட்டனஸ் ஊசியைக்கூட உறைதல் சரியான பிறகே போடுவது இதனால்தான்.

தாமதமாக வந்தவர்களுக்கு ஒரு ஆறுதல்: கடித்து இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தாலும், ரத்தம் இன்னும் உறையவில்லை என்றால் மருந்து பலன் தரும். நேரம் போய்விட்டதே என்று வீட்டிலேயே கிடக்க வேண்டாம்.

அந்த முழமூக்கனின் கதை வேறு. நம் மருந்து செய்யும்போது சேர்க்கும் நான்கு விஷத்தில் அதன் விஷம் இல்லை. அதனால் இந்த மருந்து அதற்கு வேலை செய்யாது, ஒவ்வாமை வரும் ஆபத்து மட்டுமே மிச்சம். சின்னப் பாம்புதானே என்று விட்டுவிடவும் முடியாது. அதுவும் சிலருக்கு ரத்தத்தை உறையாமல் செய்யும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலிக்கு மருந்து, சலைன், தொடர்ந்த கண்காணிப்பு, தேவைப்பட்டால் டயாலிசிஸ் என்று தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. கடித்த பாம்பைத் தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. அதைத் தேடிப் போகவோ, அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவரவோ வேண்டாம். வெட்டுண்ட தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும்.

சிறுநீரகம் ஏன் மாட்டிக்கொள்கிறது

ரத்தம் உறைந்துவிட்டது, இனிப் பிரச்சினை இல்லை என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில்தான் இரண்டாவது கேள்வி வருகிறது.

இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எந்நேரமும் சிறுநீரகம் வழியாகப் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண் வடிகட்டிகள். ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகிறது. இவ்வளவு ரத்தம் போகும் இடம் என்பதால் விஷமும் அங்கேதான் அதிகம் போய்ச் சேருகிறது.

அடி பல பக்கமிருந்து விழுகிறது. உடம்பெங்கும் உண்டான சின்ன உறைதல் துணுக்குகள் வடிகட்டியின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கின்றன. ரத்த அழுத்தம் விழுந்தால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமே குறைகிறது. சிதைந்த சிவப்பணுக்களின் நிறமி வந்து தேங்குகிறது. விஷமும் நேரடியாகத் திசுவைக் காயப்படுத்துகிறது. மொத்தத்தில் வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் நுண்குழல்களின் உள்பூச்சு உதிர்ந்து போகிறது. பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதுதான். இந்த உள்பூச்சு மறுபடி வளரும் என்பதுதான் இதில் நல்ல செய்தி. மிகச் சிலருக்குச் சிறுநீரகத்தின் வெளிப்பகுதிக்கே ரத்தம் நின்று திசு செத்துவிடும். அது வளர்வதில்லை.

அந்த அண்ணனுக்கு முதல் நாள் இரவே விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் வலி. அவர் வெறும் படுக்கை வலி என்று சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த வலி சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் முன்னறிகுறியாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும். மறுநாள் காலை அளவுக் குடுவையில் பார்த்தால் இரவு முழுக்க வந்தது 90 மில்லி, பால் சேர்க்காத கட்டன்சாயா நிறத்தில்.

பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 400 மில்லிக்குக் கீழே போனால் அது எச்சரிக்கை. 60 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுவது ஒரு நாள் பிந்தியே தெரியும். அளவுக் குடுவை அதைவிடச் சீக்கிரம் சொல்லிவிடும். சிலருக்குச் சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும்போதும் சிறுநீரகம் கெடலாம், அதற்காக ரத்தப் பரிசோதனையும் கூடவே நடக்கும். இந்த அளவெடுப்பில் வீட்டுக்காரர்களின் உதவி எங்களுக்கு மருந்தைப்போல முக்கியம். ஒரு இரவில் இருபது கட்டிலை ஒரு சிஸ்டர் பார்க்கும் வார்டில், கழிப்பறையில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு "கொஞ்சம் போச்சு" என்று சொன்னால் கணக்கே தப்பிப்போகும். அந்த மனைவியிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்து, குடித்ததை இடப்பக்கமும் போனதை வலப்பக்கமும் எழுதச் சொன்னேன். எழுதினார், ஒரு வேளை விடாமல்.

சிறுநீர் நின்றுவிட்டதே என்று தண்ணீர் தண்ணீராகக் கொடுப்பது தவறு. வெளியே போகாத தண்ணீர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். அடுத்த ஆபத்து பொட்டாசியம். சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அது ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். நம்ம ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் கையில் என்ன இருக்கும்? இளநீர், மட்டிப்பழம், ஏத்தம்பழம். மூன்றிலும் பொட்டாசியம் நிறைய. அன்போடு கொண்டுவருவதுதான், ஆனால் சிறுநீர் குறைந்த நோயாளிக்கு அவை விஷத்துக்குச் சமம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள்.

டயாலிசிஸ் என்றால் ஆயுளுக்கும் அல்ல

மூன்றாம் நாள் கிரியாட்டினின் 6-ஐத் தாண்டியது. டயாலிசிஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போடணுமாமே" என்றார். இந்தப் பயத்தால் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்து ஆளையே இழந்த குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து இதை நம்பாதீர்கள்.

சர்க்கரை நோயிலோ வேறு நாள்பட்ட நோயிலோ சிறுநீரகம் வருடக்கணக்கில் கெட்டுப்போனவர்களுக்கு டயாலிசிஸ் தொடர்ந்து தேவைப்படுகிறது. பாம்புக்கடியில் நேற்றுவரை நன்றாக இருந்த சிறுநீரகம் திடீரென்று அடிபட்டிருக்கிறது. அது தேறி எழும்வரை அதன் வேலையை மெஷின் செய்கிறது. கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய ரத்தக் குழாயில் ஒரு குழாயைச் செருகி, ரத்தத்தை வெளியே எடுத்து, முடிபோல மெல்லிய ஆயிரக்கணக்கான துளைக்குழல்கள் வழியாக ஓடவிட்டுக் கழிவையும் மிகுந்த நீரையும் பிரித்து, உடம்புக்கே திருப்பி அனுப்புகிறோம். ஒரு தடவைக்கு மூன்று நான்கு மணி நேரம்.

இங்கே ரத்தமும் சிறுநீரகமும் மறுபடி சந்திக்கின்றன. ரத்தம் உறையாதவர் கழுத்தில் அவ்வளவு பெரிய குழாயைச் செருகினால் கசிவை நிறுத்த முடியாது. அதனால் முடிந்தவரை உறைதலைச் சரிசெய்துவிட்டுத்தான் கையை வைப்போம். வழக்கமாக மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் சேர்ப்போம், இவர்களுக்கு அது இல்லாமலோ மிகக் குறைத்தோ ஓட்டுவோம். டயாலிசிஸ் விஷத்தை எடுக்காது. அது விஷமுறிவு மருந்துக்கு மாற்றும் அல்ல. இரண்டும் இரண்டு வேலை.

சிலருக்கு உறைதல் சரியான பிறகும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகும், சிவப்பணுக்கள் உடையும், சிறுநீரகம் தேறாது. நுண் ரத்தக் குழாய்களில் அடைப்பு தொடர்வதன் அறிகுறி அது. இவர்களுக்கு டயாலிசிஸ் அதிக நாள் தேவைப்படலாம்.

அந்த நோட்டின் வலப்பக்கத்தில் நாலு நாள் 100, 80, 60, 110 என்றே இருந்தது. ஆறு தடவை டயாலிசிஸ். பதினோராம் நாள் 350. பதிமூன்றாம் நாள் 900. பதினைந்தாம் நாள் 3 லிட்டர்! இதுவும் இயல்புதான். புதிதாக வளர்ந்த உள்பூச்சுக்குத் திரும்ப உறிஞ்சும் திறன் உடனே வருவதில்லை. அந்த நாட்களில் நீரும் உப்பும் அளவுக்கு மீறிப் போய்விடாமல் ஈடுகட்ட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் மெஷின் தேவையில்லாமல் போகிறது.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்

அந்த அண்ணன் நாலரை மணிக்குக் கடிபட்டு எட்டு மணிக்கு வந்தார். இடையில் மூன்றரை மணி நேரம். துண்டைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பிறகு ஒரு வைத்தியர் வீட்டில் சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுத்து, கசக்கிறது, விஷம் ஏறவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நாக்கின் சுவைக்கும் ரத்தத்தில் ஓடும் விரியன் விஷத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நாகராஜா கோயிலின் பெயரையே தாங்கிய நாகர்கோவில் இருக்கும் மாவட்டம் இது. பாம்பைப் பற்றிய நம்பிக்கையும் பச்சிலை அறிவும் நம் ரத்தத்தில் ஊறியவை. அவற்றை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. பச்சிலையால் பிழைத்தவர்கள் என்று நாம் கேள்விப்படுபவர்களில் பலரை விஷமில்லாத பாம்பு கடித்திருக்கும், அல்லது விஷப்பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். ஒரு மூலிகையை மட்டும் பெயர் சொல்லியே எச்சரிக்க வேண்டும். பாம்புக்கடிக்கு என்று கொடுக்கப்படும் கருடக்கொடி என்ற ஈஸ்வரமூலியிலும், அதன் இனமான ஆடுதீண்டாப்பாளையிலும் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று. ஏற்கனவே அடிபட்ட சிறுநீரகத்துக்கு அதைக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கட்டினால் விரியன் விஷம் அந்தக் காலிலேயே தேங்கிச் சதையை அழுகவைக்கும். ஏற்கனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல் வாருங்கள், மருத்துவர் தயாராக இருக்கும்போது மெல்ல அவிழ்ப்பார். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் துணியால் லேசாகச் சுற்றுங்கள். நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைக்கும் வண்டியில் ஏற்றுங்கள். மலைத் தோட்டத்திலிருந்து பைக்கில் கொண்டுவருவதானால் நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுப்பது ரத்தக் கசிவையும் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும். எங்கே போவது என்று குழம்ப வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்துக்கு அங்கே காசு கிடையாது. டயாலிசிஸ் தேவை என்றால் அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் மாதிரி பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எந்த ஊரில், எந்த மாதத்தில் கடி அதிகம் என்று தெரிந்தால் மருந்தை முன்கூட்டியே அங்கே அனுப்ப முடியும். இரண்டு பருவமழையும் வாங்கும் நம் மாவட்டத்துக்கு அது ரொம்பத் தேவை.

வீட்டுக்குப் போன பிறகு

டிஸ்சார்ஜ் ஆனதோடு முடிவதில்லை. மருந்து ஏற்றி ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வரலாம். குதிரைப் புரதத்துக்கு உடம்பு பிந்திக் காட்டும் எதிர்ப்பு அது, எளிதில் குணப்படுத்தலாம். கிரியாட்டினினும் ரத்த அழுத்தமும் மூன்று மாதம் வரையாவது பார்க்க வேண்டும். மூன்று மாதமாகியும் சிறுநீரகம் முழுதாகத் தேறவில்லை என்றால் சிறுநீரக மருத்துவரைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கண்ணாடி விரியன் கடியில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்படுவதுண்டு. மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட ஓயாத சோர்வு, குளிர் தாங்காமை, தாடி மீசை உதிர்தல், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோதல் என்று தெரியவரும். சோம்பேறியாகிவிட்டான் என்று வீட்டில் திட்டுவார்கள். பழைய பாம்புக்கடியை மருத்துவரிடம் சொன்னால் ஹார்மோன் பரிசோதனையில் கண்டுபிடித்து மாத்திரையால் சரிசெய்யலாம். அந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

அந்த அண்ணன் மூன்றாம் மாதம் சோதனைக்கு வந்தார். காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். கிரியாட்டினின் 1.1. மனைவி கையில் அதே பள்ளிக்கூட நோட்டு, ஓரமெல்லாம் மடங்கி. மருத்துவர் சீட்டை எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: "இனி இவியளுக்கு எளநீ குடுக்கலாமா?" மருத்துவர் தலையாட்டினார்.